மூன்றாம் பகுதியின் நிரபராதி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கலைகளிலேயே மிக உயர்ந்தது இசைக்கோப்பு. மற்ற கலைகளில் கலைஞன் தன்னை மறந்தால் போதும். இசைக்கோப்பில் ஊரே அவனை மறந்தாக வேண்டும். ஓவியன் படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறான். சிற்பி பீடத்தில் பெயர் வெட்டிக்கொள்கிறான். சுவர் எழுப்பிய கொத்தனார்கூட ஈரச் சிமெண்டில் குச்சியால் எதையாவது கிறுக்கிவிட்டுத்தான் இறங்குகிறார். இசைக்கோப்பாளர் ஒருவர்தான், மேடை நிறைய உட்கார்ந்திருக்கும் அத்தனை கருவிகளும் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அரங்கத்தின் பின்வாசல் வழியாக உள்ளே வந்து, தூண் மறைக்கும் இருக்கையில் உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து இன்னொருவருக்குக் கைதட்டுகிறார். இப்படிப்பட்ட துறவை எந்த மடமும் தன் சீடர்களிடம் கேட்டதில்லை.

ஒரு நகரத்தின் இசைக்குழுவிலும் அப்படி ஒரு மகான் இருந்தார். எல்லாரும் அவரை ‘அரேஞ்சர் சார்’ என்று மரியாதையாக அழைப்பார்கள். முழுப்பெயர் என்ன என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அவர் யாருக்கு இசைக்கோப்பு செய்தாரோ, அவர் இசைக்குழுவின் தலைமை இசையமைப்பாளர். அவரை ‘மேதை’ என்று முதன்முதலில் அழைத்தது அவருடைய விசிட்டிங் கார்டு. பிறகு மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். மேதைக்கு இசைக்குறிப்பு எழுத வராது. படிக்கவும் வராது. “மழைக்கு எழுதத் தெரியுமா?” என்று ஒரு பேட்டியில் கேட்டார். பேட்டி எடுத்தவர் அதையே தலைப்பாகப் போட்டார். காலை நடையின்போதும் கார்ப் பயணத்தின்போதும் மேதை போனை வாயருகே வைத்துக்கொண்டு “ம்ம்… லலலா… தம்…” என்று முனகி அரேஞ்சருக்கு அனுப்பிவிடுவார். இசைக்குழுவில் இதற்குக் ‘கரு’ என்று பெயர். கருவுக்குக் கை கால் முளைக்க வைத்து, குளிப்பாட்டி, சட்டை போட்டு, மேடையில் நடக்க விடுவது மட்டும்தான் அரேஞ்சரின் வேலை.

கருவில் எது இசை, எது இருமல் என்று பிரித்துப் பார்க்கும் அதிகாரம் அரேஞ்சருக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டார். நடுவில் வந்த இருமலை விட்டுவிட்டு எழுதினார். ஒத்திகையை நடத்திக்கொண்டிருந்த மேதை கைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“நடுவுல ஒண்ணு வெச்சிருந்தேனே. எங்க அது?”

“சார், அது இருமல்…”

“எனக்குள்ள இருந்து வந்ததுதானே?”

அன்று மாலையே அந்த இருமல் ஒற்றை மணியோசையாக மாறியது. ‘அந்த மணியில் மரணத்தின் காலடி கேட்கிறது’ என்று ஒரு விமரிசகர் எழுதினார். இன்னொரு படைப்பில், மேதை பூனையைப் பார்த்து “போ சனியனே!” என்று கத்தியது எக்காளமாக ஆகி, இன்றுவரை அரசு விழாக்களில் முழங்கிக்கொண்டிருக்கிறது. அது ஒலிக்கும்போது அதிகாரிகள் எழுந்து நிற்கிறார்கள். ஆகவே, மேதையின் போனிலிருந்து எது வந்தாலும் அது இசை என்ற கொள்கையில் அரேஞ்சர் உறுதியாக இருந்தார். அதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

வீட்டில் மட்டும் இந்த மகத்துவம் எடுபடவில்லை. அரேஞ்சரின் மாமனார் ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. வேலைக்காலம் முழுவதும் பிரஷர் குக்கர்களைச் சோதித்து முத்திரை குத்தியவர். முத்திரை இல்லாத எதையும் நம்ப மாட்டார். முழங்கால் அறுவைக்குப் பிறகு மகள் வீட்டில் தங்கியிருந்த அவருக்கு, பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து மருமகனைச் சோதிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

“மாப்பிள்ளை, பாட்டு போடறது நீங்களா?”

“இல்ல மாமா. அது அவர்.”

“அப்ப வாசிக்கிறது நீங்களா?”

“வாசிக்கிறது ஆர்கெஸ்ட்ரா.”

“நடுவுல நீங்க என்ன பண்றீங்க?”

“நடுவுல இருக்கறது எல்லாம் நான் பண்றதுதான் மாமா.”

மாமனார் மகள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, புரோக்கரா?”

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்பா, புதுசா கட்டின அரங்கத்தத் தொறக்கறாங்க. ‘நீர்மை’ன்னு பெரிய படைப்பு. இந்தத் தடவை நிகழ்ச்சித்தாள்ல இவர் பேரு வரும். நீங்களே வந்து பாருங்க.”

“அச்சுல வருமா?”

“அச்சுலதான்.”

“அப்ப பாக்கலாம்” என்றார் மாமனார், குக்கரின் மூடியைத் திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்ற தொனியில்.

பெயர் வரும் என்று அரேஞ்சருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் மனைவி சொல்லிவிட்டாள். இனி வந்தாக வேண்டும்.

‘நீர்மை’ நான்கு பகுதிகள் கொண்ட படைப்பு. செலவை ஏற்றது ஒரு குடிநீர்ப் புட்டி நிறுவனம். தலைப்பைத் தேர்ந்ததும் அவர்கள்தான். முதல் இரண்டு பகுதிகளுக்கும் நான்காவதற்கும் கரு வந்து, வளர்ந்து, வயலின்காரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ‘ஆழம்’ என்ற மூன்றாம் பகுதி மட்டும் வரவில்லை. மேதைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஒரு நாள் காலை, காபி ஆறுவதற்குள், போனில் ஒலிச்செய்தி வந்து விழுந்தது. அரேஞ்சர் அதை மேசைமேல் வைத்து ஓடவிட்டார். முதலில் ஒரு விழுங்கல். பிறகு ஆழத்திலிருந்து ஒரு குமிழி, அதன்மேல் இன்னொரு குமிழி, குமிழிகள் உருண்டு உருண்டு மேலேறி, திடீரென்று அமைதி. மறுபடியும் அதே, இன்னும் நீளமாக. அமைதி. மூன்றாவது முறை, மூச்சே முட்டிவிடும் அளவுக்கு நீளமாக. கடைசியில் பெரிதாக ஒரு வெடிப்பு.

அரேஞ்சர் கண்ணை மூடிக்கொண்டார். “கடல்” என்றார்.

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். “ஏங்க, இது வாய் கொப்பளிக்கிற சத்தம்.”

“உனக்கு அப்படித்தான் கேக்கும்.”

“நாள் பூரா இதத்தாங்க கேக்கறேன். உப்புத் தண்ணிய தொண்டையில நிறுத்திக் கொப்பளிச்சு, கடைசியில துப்பியிருக்கார். போனைத் தெரியாம அமுக்கியிருப்பார். கேட்டுத்தான் பாருங்களேன்.”

“படைப்பப் பத்தி அவர்கிட்ட சந்தேகம் கேக்கறதா?”

“துப்பினதப் பத்திக் கேளுங்க.”

கேட்கவும் வழியில்லை. தொண்டை டாக்டர் மேதையை இரண்டு வாரம் பேசவே கூடாது என்று சொல்லியிருந்தார். அரேஞ்சர் ‘மூன்றாம் பகுதி கிடைத்தது. பிரமிப்பு’ என்று செய்தி அனுப்பினார். மேதையிடமிருந்து கட்டைவிரல் ஒன்று நிமிர்ந்து வந்தது. ‘பிரமிப்பு’ என்ற சொல் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் மேதை கட்டைவிரலை நிமிர்த்துவார் என்பதை அரேஞ்சர் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவர் செய்ததை இசை வரலாறு ஒருநாள் எழுதத்தான் போகிறது. யார் செய்தது என்பதை மட்டும் விட்டுவிடும். குமிழிகளைத் தடித்த குரல் கொண்ட பசூன் குழல்களுக்கும் ஆளுயர டபுள் பேஸுகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். குமிழி உடையும் இடத்தில் புல்லாங்குழல்காரர்களை நாக்கை உருட்டி ஊதச் சொன்னார். விழுங்கலை டிம்பனி முரசில் மெத்தென்று தட்டவைத்தார். வெடிப்புக்குப் பித்தளை ட்ராம்போன்கள் அத்தனையும். ஆனால் மூன்று குமிழி வரிசைகளுக்கும் நடுவே இருந்த அமைதிகளை என்ன செய்வது? கருவில் அங்கே ஒன்றுமே இல்லை. குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. எத்தனையோ வருட வேலையில், கொடுக்கப்பட்ட தாளில் வெற்றிடத்தை அவர் பார்த்ததே இல்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த வெற்றிடத்தில் வயலினுக்குப் பெரியண்ணனான ஒற்றை செல்லோவுக்கு ஒரு மெட்டு எழுதினார். யாரும் முனகாத மெட்டு. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை. எழுதி முடித்ததும் பயந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

அதை அவர் பியானோவில் வாசித்துக் காட்டியபோது மனைவி கை வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இது கொப்பளிக்கிறதுல எங்கங்க இருந்துச்சு?”

“நடுவுல” என்றார் அரேஞ்சர்.

ஒத்திகையில் மேதை கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு குச்சியை வீசினார். வழக்கம்போல இசைக்கலைஞர்கள் குச்சியைப் பார்க்காமல் முதல் வயலின் வாசிக்கும் அம்மாவின் வில்லைப் பார்த்து வாசித்தார்கள். மூன்றாம் பகுதி முடிந்தபோது மேதையின் கண்கள் ஈரமாக இருந்தன. இதை எப்போது முனகினோம் என்று அவர் யோசித்திருக்கலாம். முனகாமல் எப்படி வந்திருக்கும் என்று நினைத்துச் சமாதானமும் ஆகியிருக்கலாம். தன் மகத்துவத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவது அவருக்குப் பழக்கம்தான்.

இதுதான் நல்ல சமயம் என்று அரேஞ்சர் இசைக்குழு மேலாளரின் அறைக்குப் போனார். மேலாளர் அம்மையார் நிகழ்ச்சித்தாளின் கடைசிப் பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பூ அலங்காரம் செய்தவர், நாற்காலி உறை தைத்தவர், வாகனங்களை வரிசையாக நிறுத்தப்போகிறவர் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

“மேடம், என் பேரு…”

“உங்க பேரா?” என்று மேலாளர் நிமிர்ந்தார். பூ அலங்காரம் செய்தவர் தனக்குப் பெயர் வேண்டும் என்று கேட்டபோது அவர் இவ்வளவு அதிரவில்லை. “சார், நீங்க எவ்வளவு பெரிய கலைஞர்! நீங்க போய் இதெல்லாம் கேக்கலாமா?”

“சின்னதா, ஒரு ஓரத்துல போட்டாக்கூடப் போதும்.”

“ஓரத்துல போட்டாலும் படிக்கிறவங்களுக்கு ஒரு சந்தேகம் வரும் சார். இவர் இதப் பண்ணார்னா அவர் என்ன பண்ணார்னு. தொறப்பு விழா அன்னைக்கு ஜனங்களுக்குச் சந்தேகம் வரலாமா? வண்டி நிறுத்தறவரப் பாத்து யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது பாருங்க.”

வாதம் அப்பழுக்கற்றதாக இருந்தது. ஆனாலும் மேலாளர் பெருந்தன்மையோடு மேதையிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார். பேசக்கூடாது என்பதால் மேதை கையில் சிலேட்டோடு இருந்தார். அரேஞ்சர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆழ்ந்து யோசித்து, எழுதிக் காட்டினார்: ‘நீங்கள் என் மூச்சு. மூச்சுக்கு யாராவது பெயர் வைப்பார்களா?’

அரேஞ்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவளுக்குக் கலங்கவில்லை.

“மூச்சு ஒரு நாள் லீவு போட்டா என்ன ஆகும்னு அந்தச் சிலேட்டுல எழுதிக் கேட்டிருக்கலாமே?”

திறப்பு விழாவுக்கு மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். தூணுக்குப் பக்கத்து இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிகழ்ச்சித்தாளை முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் படித்தார்.

“மாப்பிள்ளை, வண்டி நிறுத்தற ஆள் பேரு இருக்கு.”

“ஆமா மாமா.”

“நம்ம வண்டிய நல்லாத்தான் நிறுத்தினான்” என்று நியாயமாகச் சொல்லிவிட்டு, மாமனார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மகள் பக்கம் திரும்பவில்லை. அவளும் நேராக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பகுதி வந்தது. பசூன்கள் குமிழியிட்டன. அமைதி. அந்த அமைதிக்குள் செல்லோ நுழைந்தபோது அரங்கம் மூச்சை நிறுத்திக்கொண்டது. முன்வரிசையில் ஒரு அமைச்சர் தன் போனைக் கவிழ்த்து வைத்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அஞ்சலி என்று புரியும். ட்ராம்போன்கள் வெடித்து ஓய்ந்ததும் பின்னால் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. அரேஞ்சர் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பெயர் இல்லாவிட்டால் என்ன என்று அந்தக் கணத்தில் அவருக்கு உண்மையாகவே தோன்றியது. மகான்களுக்கும் இப்படிப்பட்ட பலவீனமான கணங்கள் உண்டு.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், மேதை தொண்டை டாக்டருக்கு இலவச டிக்கெட் கொடுக்காமல் இருந்திருந்தால்.

விருந்துக் கூடத்தில் டாக்டர் பழரசக் கோப்பையோடு நடுவில் வந்து நின்றார். முகம் பூரித்திருந்தது.

“மூணாம் பகுதி இருக்கே, அது என் ட்ரீட்மென்ட்!” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

“நெசமாத்தாங்க. தலையப் பின்னால சாய்ச்சு மூணு வாய் கொப்பளிக்கணும்னு சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வாயும் முந்தினதவிட நீளமா. கடைசியில அழுத்தித் துப்பணும். ஒரு வாய்கூட விடல மனுஷன்! இப்படிச் சொன்ன பேச்சுக் கேக்கற நோயாளிய நான் பாத்ததே இல்ல.”

பக்கத்தில் நின்ற நிருபர் கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

மறுநாள் காலை, ‘துப்பியதற்குக் கைதட்டினோமா?’ என்று தலைப்பு வந்தது. குடிநீர் நிறுவனம் கொதித்தது. குடிப்பதற்காக விற்கும் தண்ணீரைத் துப்புவதாகக் காட்டியது வணிகத்துக்கே இழுக்கு என்றது. அமைச்சர் தான் அப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக அறிவித்தார். மாலைக்குள் இசைக்குழு தன் விளக்கத்தை வெளியிட்டது:

‘மூன்றாம் பகுதியில் ஒலித்த எந்த ஓசைக்கும் மேதை பொறுப்பல்லர். எந்த ஓசை, எந்தக் கருவியில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைத் தன்னந்தனியாக முடிவு செய்தவர் இசைக்கோப்பாளரே. செல்லோ மெட்டு உட்பட அனைத்தும் அவருடைய சொந்தச் செயல். இதுபற்றி விசாரணைக் குழு அமைக்கப்பட்டுள்ளது. அதுவரை அவர் அரங்கத்துக்குள் நுழையத் தடை விதிக்கப்படுகிறது.’

இசைக்கோப்பு என்ற கலையை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு நேர்மையாக விளக்கிய வாசகம் அதற்கு முன் எந்த மொழியிலும் எழுதப்பட்டதில்லை. கீழே அரேஞ்சரின் முழுப்பெயர், இனிஷியலோடு, தடித்த எழுத்தில்.

மாமனார் செய்தித்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பேரு வந்திருக்கு மாப்பிள்ளை. எழுத்துப் பிழைகூட இல்ல.”

“ஆமா மாமா.”

“ஆனா சேதி நல்லதா இல்லையே.”

“சேதி உண்மைதான் மாமா.”

“பேப்பர்ல ஆயிரம் போடுவான்” என்றார் மாமனார். “முத்திரை இருக்கா பாருங்க. இல்ல.”

மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், “நீங்கதானா அது?” என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக, தான் செய்த ஒன்றைத் தான் செய்ததாக ஊர் பேசுவதை அரேஞ்சர் கேட்டார். பால் வாங்க வழக்கத்தைவிட நீண்ட வழியில் போனார்.

விசாரணைக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. உறுப்பினர்கள், மேலாளரும் குடிநீர் நிறுவனப் பிரதிநிதியும். ஒவ்வொருவர் முன்னாலும் அந்த நிறுவனத்தின் தண்ணீர்ப் புட்டி ஒன்று இருந்தது. யாரும் குடிக்கவில்லை.

“மூணாம் பகுதிய எழுதினது நீங்கதானா?” என்று நீதிபதி ஆரம்பித்தார்.

“நான்தாங்க.”

“யாராவது தூண்டினாங்களா?”

“இல்லைங்க. ஆசைப்பட்டுத்தான் எழுதினேன்.”

“கூட்டாளிங்க?”

“யாருமில்ல. தனியாத்தான்.”

“நடுவுல அந்த செல்லோ…” நீதிபதி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “என் சம்சாரம் வீட்டுக்கு வந்தப்புறமும் அழுதா. அதுவும் நீங்களா?”

“அதுவும் நான்தாங்க. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க.”

“எல்லாத்தையும் இப்படி முகமலர்ச்சியோட ஒப்புக்கற ஆள நான் பாத்ததில்ல. இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா?”

“முன்னாடி நடந்தது எல்லாமே நான்தாங்க” என்று அரேஞ்சர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “அந்த மணியோசை, அரசு விழா எக்காளம்…”

மேலாளர் குறுக்கிட்டார். “அதெல்லாம் இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வராது.”

தீர்ப்பு அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்ற நிம்மதியோடு அரேஞ்சர் வீடு திரும்பினார். “சீல் வெச்சுத்தான் குடுப்பாங்களாம்” என்று மனைவியிடம் சொன்னார். “வேலை போயிடும். ஆனா ஆதாரம் வந்துடும்.” “போனாப் போகட்டும். நான் சம்பாதிக்கிறேன்ல” என்றாள் மனைவி.

அப்போதுதான் கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து அந்த விபத்து வந்து சேர்ந்தது. அங்கே இருந்த ஓர் உலக இசைப் பேரவை, ‘நீர்மை’யின் மூன்றாம் பகுதியை ஆண்டின் தலைசிறந்த இசையாகத் தேர்ந்தெடுத்தது. ‘மனிதத் தொண்டையின் ஆதி ஓசையிலிருந்து ஒரு சமுத்திரத்தை எழுப்பிய துணிச்சலுக்காக’ என்றது பாராட்டுரை.

துப்பியது ஒரே பகலில் சமுத்திரமாகிவிட்டது. குடிநீர் நிறுவனம் ‘குடிக்கவும், கொப்பளிக்கவும்’ என்று புது விளம்பரம் ஒட்டியது. அமைச்சர், போனைக் கவிழ்த்து வைத்த முதல் மனிதர் தான்தான் என்று நினைவுபடுத்தினார். மேதைக்கும் அன்றைக்குத்தான் குரல் திரும்பியது.

“அது தற்செயல்னு நெனச்சீங்களா?” என்று நிருபர்களிடம் கேட்டார். “பல வருஷமா நான் தேடிக்கிட்டிருந்த வழி அது. வார்த்தையத் தாண்டணும், ராகத்தத் தாண்டணும். கடைசியில தொண்டையே மிச்சம். நான் அப்பதான் கொப்பளிச்சேன்.” அடுத்த மாதமே அவர் இளம் இசையமைப்பாளர்களுக்குக் கொப்பளிப்புப் பட்டறை நடத்துவதாக ஏற்பாடு ஆயிற்று. வெளிநாட்டு நிகழ்ச்சிக்கான புதிய நிகழ்ச்சித்தாளில், மேதையின் பெயருக்குக் கீழே, ‘தொண்டை ஆலோசனை’ என்று டாக்டரின் பெயரும் அச்சாகியது.

ஒரே ஒரு இடைஞ்சல். மூன்றாம் பகுதியில் மேதைக்குத் தொடர்பில்லை என்று இசைக்குழுவே அறிவித்திருந்தது. அந்தக் கறையைத் துடைக்க விசாரணைக் குழு அவசரமாகக் கூடியது. இந்த முறை எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள்.

“நல்ல சேதி” என்று நீதிபதி புன்னகைத்தார். “உங்க மேல சொன்ன குற்றம் நிரூபணமாகல.”

அரேஞ்சர் எழுந்து நின்றுவிட்டார். “நான்தான் ஒப்புக்கிட்டேனே ஐயா!”

“ஒருத்தர் ஒப்புக்கிட்டார்ங்கறதுக்காகக் குற்றவாளின்னு சொல்லிட முடியுமா? ஆதாரம் வேணாமா?”

“இசைத்தாள் முழுக்க நான் கைப்பட எழுதினது. பென்சில கடிச்ச அடையாளம்கூட இருக்கும்.”

“எழுதறது எழுத்தர் வேலை” என்றார் மேலாளர் கனிவாக. “எழுத்தர் மேல யாரு சார் பழி போடுவா?”

“அந்த செல்லோ? அது கருவுலயே இல்ல ஐயா. அங்க வெறும் குழாய்த் தண்ணிதான் ஓடிச்சு!”

“குழாயத் தொறந்தது யாரு?” என்று கேட்டார் நிறுவனப் பிரதிநிதி.

குறுக்கு விசாரணையில் இதைவிடக் கூர்மையான கேள்வி தன் காதில் விழுந்ததில்லை என்று நீதிபதி குறித்துக்கொண்டார்.

“அப்ப எனக்குத் தண்டனையாவது குடுங்க ஐயா. சின்னதா ஏதாவது.”

“செய்யாத தப்புக்குத் தண்டனை குடுக்கற அளவுக்கு நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. இத்தனை வருஷமா நிரபராதியாவே இருந்துட்டீங்க. இப்ப என்ன திடீர்னு அவசரம்?”

மேலாளர் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். விடுதலையை ஏற்றுக்கொண்டு கீழே கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தடை நீங்கும். போடாவிட்டால் அரங்கத்துக்குள் காலடி வைக்க முடியாது. “மேதை புதுக் கரு அனுப்பிட்டார் சார்” என்று மெல்லச் சொன்னார். “வெளிநாட்டுல வாசிக்கணும். ஆர்கெஸ்ட்ரா நோட்ஸ் இல்லாத வெறும் ஸ்டாண்டப் பாத்துட்டு உக்காந்திருக்கு.”

வெறும் ஸ்டாண்டுகள் என்றதும் அரேஞ்சர் கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ செல்லோவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

தன் இசையைப் பற்றிய ஒரு காகிதத்தில் அவர் போட்ட முதல் கையெழுத்து அது. அதையும் அழகாகத்தான் போட்டார்.

வீட்டில் மாமனார் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “உருண்டை முத்திரை! சரியா மையத்துல குத்தியிருக்கான்!” பிறகு உரக்கப் படித்தார்: “‘மேற்படி இசைக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது.’ கேட்டியாம்மா? எவ்வளவு தெளிவா இருக்கு! மாப்பிள்ளை, நான் உங்கள என்னமோ நெனச்சிருந்தேன். மன்னிச்சுக்குங்க.”

“பரவாயில்ல மாமா” என்றார் அரேஞ்சர். புதுக் கருவைக் கேட்பதற்காக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளே மாமனார் அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று சாய்வு பார்த்தார். சமையலறையில் மகள் தட்டைக் கழுவிக்கொண்டே செல்லோ மெட்டை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

மாமனார் காதைத் தீட்டிக்கொண்டார். “என்னம்மா அது? உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுதே. யாரு போட்டது?”

மகள் குழாயை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து சுவரைப் பார்த்தாள்.

“யாரு போட்டதுன்னு தெரியலப்பா” என்றாள். “யாரு போடலங்கறதுக்குத்தான் நீங்க ஆதாரம் மாட்டியிருக்கீங்களே.”